கேட்க சபை உண்டு, பதில் சொல்லத் தலைவர் வேண்டும்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் 1970-இல் நடந்த ஊராட்சித் தேர்தலுக்கு அடுத்த தேர்தல் 1986-இல்தான் வந்தது. அதற்கடுத்தது 1996-இல். 1970-இல் ஓட்டுரிமைக்கு வயது 21. எழுபதில் அந்த வயதை எட்ட ஓராண்டே குறைவாக இருந்த ஓர் இளைஞர், தன் ஊர்த் தலைவரைத் தேர்ந்தெடுக்க முப்பத்தாறு வயது வரை காத்திருந்தார். இடையில் பல ஆண்டுகள் ஊரை நிர்வகித்தவர் அரசு நியமித்த தனி அலுவலர். அவர் ஊர்க்காரர்களின் ஓட்டால் வந்தவரல்ல. ஊருக்குப் பதில் சொல்லும் கட்டாயமும் அவருக்கு இல்லை.

1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசமைப்புத் திருத்தம் இதை மாற்றியது. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் சுழற்சி ஒதுக்கீடு, சட்டப்படி கிராம சபை எல்லாம் வந்தன.

சட்டம் வந்ததும் ஊர் மாறிவிடவில்லை. உசிலம்பட்டி பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதும் எதிர்ப்பு கிளம்பியது. பத்து ஆண்டுகள் பெரும்பாலும் மனுத்தாக்கலுக்கு ஆளில்லை. மீறி ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்தார். 2006-இல்தான் அங்கே முறையான தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். 2021 அக்டோபர் 2 அன்று அதே பாப்பாபட்டியில் கிராம சபை கூடியபோது முதலமைச்சர் வந்து உட்கார்ந்து மக்களின் குறைகளைக் கேட்டார்.

இன்று கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தண்டோரா போடுவது 2022-இல் நிறுத்தப்பட்டது. வாட்ஸ்அப்பில் தகவல் வருகிறது. வரவு செலவு பேனரில் எழுதி மாட்டப்படுகிறது. வீட்டு வரியை ஆன்லைனில் கட்டலாம். பெண்களின் பங்கு 2016-இல் பாதியாக உயர்ந்தது. நகரங்களிலும் பகுதி சபைகள் வந்துவிட்டன. மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சிகளில் நியமன உறுப்பினர்களாக்க 2025-இல் சட்டம் நிறைவேறியது. இவை ஒவ்வொன்றும் வரவேற்க வேண்டியவை.

ஆனால் அடிப்படை இன்னும் ஆட்டம் காண்கிறது. 2016 உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபின் மூன்று ஆண்டுகள் தலைவர்கள் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததால் மத்திய நிதிக்குழு மானியமும் நிலுவையில் நின்றது. 2019 டிசம்பரில் பெரும்பாலான மாவட்டங்களில் தேர்தல் நடந்தது. 2025 ஜனவரி 5-இல் 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்குப் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள். அத்தனை போராடித் தலைவரைப் பெற்ற பாப்பாபட்டியின் நாற்காலியும் அன்று காலியானது.

தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை கூடும். தெருவிளக்கு, குடிநீர், சுடுகாட்டுப் பாதை என்று மக்கள் சொல்வார்கள், ஊராட்சிச் செயலர் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவார், கையெழுத்தும் வாங்கப்படும். போன கூட்டத்துத் தீர்மானம் என்ன ஆயிற்று என்று அடுத்த முறை கேட்டால், ஊரின் ஓட்டுக்குக் கட்டுப்பட்டுப் பதில் சொல்ல ஒருவர் இருக்க மாட்டார். தலைவர் இருந்த காலத்திலும் அவர் கை கட்டப்பட்டிருந்தது: 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று இருந்தது. ஊருக்கு வேறு அவசரம் இருந்தால், மீதி 40-இல்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

புதிய சபைகள், புதிய செயலிகள் பற்றிப் பேசும் முன் இரண்டைச் செய்தாக வேண்டும். வார்டு வரையறையையும் ஒதுக்கீட்டுச் சுழற்சியையும் நான்காம் ஆண்டிலேயே முடித்து, ஐந்தாம் ஆண்டில் தேர்தலை நடத்த வேண்டும். சபை போட்ட தீர்மானத்தைச் செய்து முடிக்கும் அளவுக்கு, ஊராட்சி தானே முடிவு செய்து செலவிடும் நிதியைப் பெருக்க வேண்டும். சட்டமன்றத் தேர்தலை இப்படித் தள்ளிப்போட எவரும் துணிவதில்லை. ஊராட்சித் தேர்தலுக்கும் அந்த மரியாதை வேண்டும்.