முஹன்னத்: அரபு வாளும் தென்னக உருக்கும்

அரபு மொழியில் வாளைக் குறிக்கும் பெயர்கள் பல. பொதுப்பெயராக ‘ஸைஃப்’ வழங்குகிறது. அறுக்கும் கூர்மை பற்றி ‘ஹுஸாம்’ என்பர். பிறந்த நாடு பற்றி ‘யமானி’ என்பர். இவ்வரிசையில் ‘முஹன்னத்’ என்னும் பெயர் தமிழராகிய நம் கருத்தைத் தனியே ஈர்ப்பதாகும். ‘ஹிந்த்’ என்னும் நாட்டுப்பெயரோடு தொடர்புடைய இச்சொல், இந்திய இரும்பால் ஆகிய வாளைக் குறிக்கும். கி.பி. 6ஆம் நூற்றாண்டுக் கவிஞர் தரஃபாவின் முஅல்லகாவில் இச்சொல் ஆளப்பட்டுள்ளது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திருமுன் கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) பாடிய புகழ்க் கசீதாவிலும் இடம்பெற்றுள்ளது. எனவே, இஸ்லாம் தோன்றுதற்கு முன்னரே இந்திய இரும்பின் புகழ் அரபுப் பாலையை எட்டிவிட்டது என்பது தெளிவு. அரபு வாள் தோன்றி வளர்ந்த வரலாற்றையும், அதில் நம் மண்ணுக்குள்ள பங்கையும் இக்கட்டுரையில் காண்போம்.

தொடக்க கால வாள்

அரபு வாள் என்றவுடன் பிறைபோல் வளைந்த வாளே பலர் நினைவில் எழுகின்றது. திரைப்படங்களும் ஓவியங்களும் பதித்த எண்ணம் இது. உண்மையில் நபிகளார் காலத்து அரபு வாள் நேரானது, இருபுறமும் கூருடையது. தோளிலிருந்து குறுக்காகத் தொங்கும் வாரில் அதனை மாட்டுவது அரபியர் வழக்கம். வாள் செய்வோர் மக்காவிலும் இருந்தனர். தொடக்கத்திலேயே இஸ்லாத்தை ஏற்றுத் துன்புற்ற தோழர் கப்பாப் இப்னு அல்-அரத் (ரலி) வாள் வடிக்கும் கொல்லரே ஆவார். திருக்குர்ஆனின் 57ஆம் அத்தியாயம் ‘அல்-ஹதீத்’, அதாவது ‘இரும்பு’ என்றே பெயர் பெற்றுள்ளமையும் ஈண்டு எண்ணத்தக்கது.

அல்-கிந்தியின் ஆய்வு

வாளை ஓர் ஆய்வுப் பொருளாகக் கொண்டு நூல் யாத்தவர், 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்யியல் அறிஞர் அல்-கிந்தி. அப்பாஸியக் கலீபா அல்-முஃதஸிம் (கி.பி. 833-842) பொருட்டு அவர் இந்நூலை எழுதினார். சுரங்கத்தினின்று பெறும் இரும்பு, மனிதன் செய்து பெறும் உருக்கு என இரும்பை அவர் பகுத்தார். ‘ஃபூலாத்’ எனப்படும் உருக்கு இரண்டாம் வகையைச் சார்ந்தது. யமன் வாள், இந்திய வாள், ஸரந்தீப் வாள் எனப் பிறப்பிடத்தாலும் அவர் வாள்களை வகைப்படுத்தினார். ஸரந்தீப் என்பது இலங்கை.

இலங்கையின் சமனலவெவப் பகுதியில் கிடைத்த பழைய உலைகள் பற்றிய ஆய்வு 1996இல் வெளியாயிற்று. மலைச்சரிவில் அமைந்த அவ்வுலைகள், தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தாலேயே எரிந்தவை, கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கியவை. அல்-கிந்தி எழுதிய காலமும் இதுவே. அரபுக் கப்பல்களைக் கீழ்த்திசைக்கு ஓட்டிய அதே காற்று, அரபியர் போற்றிய இரும்பின் உலையையும் ஊதியது என அறியும்போது வியப்பு மேலிடுகின்றது.

மூசையில் பிறந்த உருக்கு

இந்திய இரும்பின் சிறப்பு எதில் அடங்கியுள்ளது? தேனிரும்புத் துண்டுகளை ஆவாரை மரச்சீவல்களோடு சிறு மண் மூசையில் இட்டு, எருக்கிலை கொண்டு மூடி, களிமண்ணால் வாய் அடைத்து, கரி நெருப்பில் நெடுநேரம் காய்ச்சினர். விறகிலும் இலையிலும் உள்ள கரிமம் இரும்பிற் கலந்தது. மூசையை மெல்ல ஆறவிட்டபின் உள்ளே உருண்டையாக உருக்குக் கட்டி கிடைத்தது. அதில் கரிமம் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. தமிழில் ‘உருக்கு’, கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘உக்கு’ என வழங்கும் இதனையே மேலைநாட்டார் ‘ஊட்ஸ்’ என எழுதினர். ‘உக்கு’ என்பதன் திரிபே அது என்பர்.

இத்தொழில் தமிழகத்தில் நடந்தமைக்குக் கொடுமணல், மேல்சிறுவலூர் முதலிய இடங்களில் கிடைத்த மூசைகளும் உலைச் சான்றுகளும் சாட்சி. தெலங்கானாவின் கோனசமுத்திரத்திற்குப் பாரசீக வணிகர் நேரில் வந்து உருக்குக் கட்டிகளை வாங்கிச் சென்றனர். கட்டியை வாளாக்கும் கலை மேற்காசியக் கொல்லருடையது. மிகு வெப்பத்தில் அடித்தால் இவ்வுருக்கு நொறுங்கிவிடும். மங்கிய செந்நிறத்தில் பொறுமையோடு அடித்தல் வேண்டும். அவ்வாறு வடித்த வாளின் மேனியில் ஓடுநீர் போன்ற வரிகள் தோன்றும். அரபியர் இதனை ‘ஃபிரிந்த்’ என்றனர். மேலைநாட்டார் ‘டமாஸ்கஸ் வாள்’ என்றனர். அங்காடியின் பெயர் நிலைத்தது. மூசை வைத்தவனின் பெயர் மறைந்தது.

நம் கரையின் பங்கு

பொருநைக் கரையில் இரும்பின் தொன்மை பெரிது. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தபோது இரும்பு வாள்களும் ஈட்டிகளும் வெளிப்பட்டன. நம் மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த மாதிரிகள் கி.மு. 3345 வரை பின்செல்வதாகத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது.

இக்கரையின் வாணிபமும் அத்தகையதே. கொற்கை முத்தின் புகழைக் கிரேக்க மாலுமியின் ‘பெரிப்ளூஸ்’ கூறுகின்றது. அந்நூலே இந்திய இரும்பும் உருக்கும் செங்கடற்கரைக்குச் சென்றதையும் குறிக்கின்றது. 13ஆம் நூற்றாண்டில் ஹோர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகள் ஏற்றிய கலங்கள் காயலுக்கு வந்ததை மார்க்கோ போலோ எழுதியுள்ளார். கீஷ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1400 குதிரைகள் அனுப்ப உடன்பட்டதையும், அவர் தம்பி தகியுத்தீன் பாண்டியனிடம் உயர்பதவி வகித்ததையும் வஸ்ஸாஃப் பதிவு செய்துள்ளார். அரபியர் இக்கரையில் இறங்கியது வாளேந்தி அன்று. குதிரையைக் கொடுத்து முத்தைக் கொள்ள. இஸ்லாம் வாளால் பரவியது எனப் பேசுவோர்க்குக் காயலின் வரலாறே விடையாகும்.

வளைவும் வழக்கும்

நேர்வாள் வளைந்தது எவ்வாறு? குதிரைமீது விரைந்து செல்வோன் வீசி அறுப்பதற்கு வளைவாள் ஏற்றது. நடு ஆசியத் துருக்கியரும் மங்கோலியரும் கையாண்ட அவ்வடிவம், 13ஆம் நூற்றாண்டுக்குப் பின் மேற்காசியாவில் மெல்ல மெல்லப் பரவியது. பாரசீகத்தின் ‘ஷம்ஷீர்’, துருக்கியின் ‘கிலிஜ்’ ஆகியன இவ்வழி வந்தவை. ஓமனின் ‘கத்தாரா’வோ நேராகவே நின்றது. இன்று வாள் போர்க்களத்தை விட்டு ஆடற்களம் புகுந்துள்ளது. நஜ்துப் பகுதியின் ‘அர்ளா’ வாள் நடனம் 2015இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

நம்மிடையேயும் வாள் பெயராகவும் மரபாகவும் வாழ்கின்றது. சைபுத்தீன், ஹுஸாமுத்தீன் என்னும் பெயர்கள் மார்க்கத்தின் வாள் எனப் பொருள்படுவன. ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்த பள்ளிகளில் கதீப் மிம்பரில் மரவாளோ கோலோ ஊன்றிக் குத்பா ஓதும் வழக்கமும் உண்டு.

அணைந்த உலை

ஆயின், உருக்கு வார்த்த உலைகள் அணைந்தன. 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் பாஞ்சாலங்குறிச்சி மீண்டும் வீழ்ந்தபின், தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைக் கும்பினி தடைசெய்தது. வாளுக்கு விலக்கு வந்தால் வாள் வடிப்போனுக்கு வாழ்வேது? கரிக்குரிய காடுகளும் குறைந்தன. ஆலை இரும்பு மலிவாக வந்திறங்கியது. அதே காலத்தில், கொல்லர் மகனாகிய மைக்கேல் பாரடே லண்டனில் 1819 முதல் நம் உருக்கை ஆராய்ந்துகொண்டிருந்தார். 2006இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர அறிஞர்கள், பழைய டமாஸ்கஸ் வாள் ஒன்றில் கரிம நுண்குழாய்களைக் கண்டனர். ஆய்வு அங்கே வளர்ந்தது. அடிப்படைத் தொழில் இங்கே மறைந்தது.

நிறைவாக

அரபு வாள் ஓரினத்தின் தனியுடைமை அன்று. மூசை தென்னாட்டானுடையது, சம்மட்டி மேற்காசியனுடையது, சுமந்தது கடல். அரபும் தமிழும் ஒருங்கே போற்றும் நாம் இவ்வரலாற்றின் இருதரப்பு வழித்தோன்றல்கள் ஆவோம். மாணவச் செல்வங்களே, உங்கள் ஊர்ப் பட்டறைகளில் உலை, துருத்தி, குறடு, பட்டடை, துவைச்சல் எனச் சொற்கள் இன்னும் எஞ்சியுள்ளன. முதிய கொல்லரை அணுகி அவற்றைக் கேட்டு எழுதுங்கள். ஊர்ப்புறத்தில் இரும்புக் கசடு குவிந்த மேடு தென்பட்டால் அதனைச் சிதைக்காது துறைக்குத் தெரிவியுங்கள். அணைந்த உலையை மீண்டும் மூட்ட நம்மால் இயலாதெனினும், அதன் பெயரை மறவாது காத்தல் நம் கடனாகும்.