பேசும் கம்ப்யூட்டரும் பத்தாம் வகுப்பு அறிவியலும்

புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பெரும்பாலும் பாட்டு, படம், இ-மெயில் என்றுதான் தொடங்குவார்கள். இந்த மாதம் நாம் கம்ப்யூட்டரைப் பேச வைப்போம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பார்வையற்ற மாணவர் யாராவது இருந்தால் அவருக்கு இது பெரிய உதவி. நீங்கள் ஆசிரியர் என்றால் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

கோடம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் ஆசிரியை அறிவியல் டியூஷன் எடுக்கிறார். பார்வையற்ற மாணவி ஒருத்தி அவரிடம் வந்து சேர்ந்தாள். பல வருடங்களாக டைப் செய்து வைத்த நோட்ஸ் இருக்கிறதே, அதை பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் போதும் என்று ஆசிரியை நினைத்தார். மாணவியின் கம்ப்யூட்டர் அந்த பைலைத் திறந்ததும், தமிழும் இல்லாமல் ஆங்கிலமும் இல்லாமல் ஏதோ உளறியது. என்னைக் கூப்பிட்டார்கள்.

திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் புரோகிராமுக்கு ஸ்கிரீன் ரீடர் என்று பெயர். அந்த மாணவி பயன்படுத்துவது என்விடிஏ. மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் இதை உருவாக்கினார்கள். இருவருமே பார்வையற்றவர்கள். 2006-இல் தொடங்கிய வேலை. அன்று முதல் இன்று வரை இலவசம். என்வி ஆக்சஸ் என்ற அவர்களது தளத்திலிருந்து டவுண்லோட் செய்து, மற்ற சாப்ட்வேர்களைப் போலவே இன்ஸ்டால் செய்து கொள்ளலாம். கூடவே வரும் இஸ்பீக் குரல் தமிழையும் படிக்கும். கொஞ்சம் ரோபோ போல இருக்கும், பழகிவிடும். விண்டோஸிலேயே 'வள்ளுவர்' என்று ஒரு தமிழ்க் குரல் இருக்கிறது. செட்டிங்ஸில் தமிழ் மொழியைச் சேர்க்கும்போது பேச்சு வசதியையும் சேர்த்து இறக்கிக் கொண்டால் அதுவும் கிடைக்கும். இன்சர்ட், கன்ட்ரோல், எஸ் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் எந்தக் குரல் தொகுப்பு வேண்டும் என்று கேட்கும்.

சரி, நோட்ஸ் ஏன் உளறியது? கோளாறு என்விடிஏயில் இல்லை, எழுத்துருவில். ஆசிரியை டைப் செய்தது பாமினி எழுத்துருவில். அதில் 'தமிழ்' என்று திரையில் தெரிந்தாலும், கம்ப்யூட்டர் சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளைத்தான். கண்ணுக்குத் தமிழ் உருவத்தைக் காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. ஸ்கிரீன் ரீடர் உருவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் குறியைப் படிக்கிறது. யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் சொந்தமாக எண்கள் உண்டு. எனவே அது சரியாக ஒலிக்கும்.

உங்கள் பைல் எந்த ரகம் என்று பார்ப்பது சுலபம். ஒரு வரியை காப்பி செய்து நோட்பேடில் பேஸ்ட் செய்யுங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோட். ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தால் பழைய எழுத்துரு. பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் இலவச கன்வர்ட்டர்கள் இணையத்தில் நிறைய உள்ளன. இனிமேல் டைப் செய்வதற்கு விண்டோஸ் 10-இன் 2019 மே பதிப்பிலிருந்து தமிழ்99, அஞ்சல் இரண்டு கீபோர்டுகளும் கூடவே வருகின்றன. தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

மாற்றிய பிறகும் அறிவியல் நோட்ஸில் ஒரு பொறி உண்டு. ஒளியின் வேகம் வினாடிக்கு 3 பெருக்கல் 10-இன் அடுக்கு 8 மீட்டர். அந்த 8-ஐ மேலே சிறியதாகப் போட்டிருப்போம். நோட்பேடுக்குப் போய் வந்தால் அது இறங்கி உட்கார்ந்து 108 ஆகிவிடும். குழந்தை 324 மீட்டர் என்று மனப்பாடம் செய்து கொள்ளும்! வேர்டிலேயே வைத்திருந்தாலும் என்விடிஏ செட்டிங்ஸில் மேலெழுத்து, கீழெழுத்தை அறிவிக்கும்படி டிக் செய்ய வேண்டும். அதைவிட '10-இன் அடுக்கு 8' என்று சொல்லாகவே எழுதிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

அடுத்தது படங்கள். படத்தின் மேல் ரைட் கிளிக் செய்தால் மெனுவில் ஆல்ட் டெக்ஸ்ட் என்று ஒரு வரி இருக்கும். அங்கே எழுதுவதை ஸ்கிரீன் ரீடர் படிக்கும். 'கண்ணின் படம்' என்று எழுதினால் ஒன்றும் ஆகாது. 'ஒளி முதலில் கார்னியா, பிறகு பாவை, பிறகு லென்ஸ் வழியாகச் சென்று விழித்திரையில் விழுகிறது' என்று எழுதுங்கள். நான்கு படம் எழுதியதும் ஆசிரியை என்னிடம் சொன்னார்: "சார், இதை மற்ற பிள்ளைகளுக்கும் இப்படியே சொல்லிக் கொடுக்கலாம் போலிருக்கே."

சோதனைகளுக்கு பெட் சிமுலேஷன்கள் இருக்கின்றன. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. தமிழிலும் பல உண்டு, இலவசம். சிலவற்றை மவுஸ் இல்லாமல் கீபோர்டாலேயே இயக்கலாம், ஒலியும் விளக்கமும் வரும். தளத்தில் அணுகல் வசதி உள்ளவற்றை மட்டும் பிரித்துத் தேடலாம். 'ஜான் டிராவோல்டேஜ்' என்ற சிமுலேஷனில் ஒருவர் கார்பெட்டில் காலைத் தேய்த்துவிட்டுக் கதவுப் பிடியைத் தொட்டு ஷாக் வாங்குவார். நிலை மின்னூட்டத்தைக் காதாலேயே புரிந்து கொள்ளலாம்.

இவ்வளவு பாடு எதற்கு, ஆர்ட்ஸ் குரூப் எடுத்தால் போயிற்று என்று பலர் சொல்வார்கள். டெல்லியைச் சேர்ந்த கார்த்திக் சாஹ்னிக்கும் அதைத்தான் சொன்னார்கள். பிறவியிலேயே பார்வையற்றவர். பிளஸ் 1-இல் அறிவியல் பிரிவு கேட்டபோது சிபிஎஸ்இ முதலில் அனுமதிக்கவில்லை. போராடிச் சேர்ந்தார், ஸ்கிரீன் ரீடரின் துணையோடு படித்தார், 2013-இல் பிளஸ் 2 முடித்து ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவு ஊனம் உள்ள மாணவருக்குப் புத்தகமும் உபகரணமும் 18 வயது வரை இலவசமாகத் தரப்பட வேண்டும். பள்ளியில் தயங்காமல் கேளுங்கள்.

புத்தகங்களுக்கு, மத்திய அரசு 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் உண்டு. நேரில் போக வேண்டுமானால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றோருக்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது.

நீங்களே என்விடிஏயைப் போட்டுப் பாருங்கள். மானிட்டரை அணைத்துவிட்டு, உங்கள் நோட்ஸில் ஒரு பக்கத்தை இன்சர்ட், கீழ் அம்புக்குறி அழுத்திக் கேளுங்கள். எந்த இடத்தில் புரியவில்லையோ அங்கே திருத்துங்கள். பேச்சு போதும் என்றால் இன்சர்ட், கியூ சேர்த்து அழுத்தி என்டர் தட்டுங்கள். நின்றுவிடும்.