ஒளியால் அறுக்கும் யந்திரம்

பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைப் பொசுக்கிப் பாராத பிள்ளைகள் அரியர். வட்டமான வெயில் சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாகிறது. சற்று நேரத்தில் புகை எழுகிறது. அந்தப் புள்ளியை நாம் விரும்பும் கோட்டின்மீது நகர்த்திச் செல்ல இயலுமாயின், ரம்பமும் உளியும் இன்றியே பலகையை அறுத்துவிடலாம் அன்றோ? லேசர் வெட்டு யந்திரத்தின் உட்பொருள் இவ்வளவே. இத்தகைய யந்திரம் ஒன்றை டில்லியில், ஒரு வீட்டுக் கார் ஷெட்டில், நண்பர் ஒருவர் தம் கைகளாலேயே அமைக்க முற்பட்டார். நாமும் உடனிருந்தோம். நாம் கலைப் பட்டதாரி. மத்திய அரசாங்கக் காரியாலயம் ஒன்றில் மொழிபெயர்ப்பது நமது தொழில். திருப்புளியைச் சரியாகப் பிடிக்கவும் அறியோம். ஆதலின் விஞ்ஞானம் பயின்றோர் கேட்கக் கூசும் கேள்விகளையெல்லாம் கூசாமல் கேட்டோம். அவற்றுக்குக் கிடைத்த விடைகளையே நேயர்களுக்கு எடுத்துரைக்கிறோம்.

நண்பருக்கு இதில் வியாபார நோக்கம் இல்லை. அவருடைய மனைவியார் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பூகோளம் கற்பிக்கும் ஆசிரியை. தேசப்படத்தை அப்பிள்ளைகள் விரலால் தடவியே அறிய வேண்டும். அட்டைமீது நூலை ஒட்டிச் செய்த படங்கள் ஒரு பருவம் முடிவதற்குள் பிய்ந்துபோயின. 3 மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட்டில் ஒவ்வொரு மாநிலத்தையும் தனித்தனித் துண்டாக அறுத்துக் கொடுத்தால், பிள்ளைகள் அவற்றை எடுத்துப் பொருத்திப் பழகலாம் என்பது அம்மையாரின் எண்ணம். தச்சரின் ரம்பத்துக்குக் கடற்கரையின் நெளிவுகள் வசப்படவில்லை. யந்திரம் வைத்திருக்கும் கடையிலோ, ஒவ்வொரு திருத்தத்துக்கும் புதிதாகக் கூலி கேட்டார்கள்.

லேசர் என்பது தனிச்சொல் அன்று. 'தூண்டப்பட்ட கதிர்வீச்சு உமிழ்வினால் ஒளியைப் பெருக்குதல்' என்னும் பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களைக் கோத்த கோவை அது. தமிழாக்கம் சரியே, ஆனால் மூச்சு வாங்குகிறது. எனவே லேசர் என்றே வழங்குவோம். ஒளியை இவ்விதம் தூண்டி வெளிப்படுத்தலாம் என்னும் கருத்தை ஐன்ஸ்டைன் 1917-இல் வெளியிட்டார். 1960 மே 16-ஆம் நாள் அமெரிக்காவில் தியோடர் மைமன் என்பவர் செயற்கைக் கெம்புக் கல்லிலிருந்து முதல் லேசர் ஒளியைப் பெற்றார். நம் யந்திரத்துக்கு வேண்டியது வேறு வகை. அதைக் கண்டவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 1938-இல் பிறந்து, புனே பொறியியற் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்ற குமார் படேல். 1964-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் அவர் அமைத்தது கரியமிலவாயு லேசர். நாம் அருந்தும் சோடாவில் குமிழியிடும் அதே வாயுதான்.

ஒரு நீண்ட கண்ணாடிக் குழாய். அதனுள் கரியமிலவாயு, நைட்ரஜன், ஹீலியம் மூன்றும் குறைந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டுள்ளன. மின்சாரம் பாய்ந்ததும் நைட்ரஜன் அணுக்கூறுகள் கிளர்ச்சி அடைகின்றன. அவை கரியமிலவாயுவின்மீது மோதித் தம் கிளர்ச்சியை அதற்குக் கொடுத்துவிடுகின்றன. கரியமிலவாயு அதனை ஒளியாக வெளியிடுகிறது. ஹீலியத்தின் வேலை, களைத்த அணுக்கூறுகளை மீண்டும் பழைய நிலைக்கு இறக்கி, சூட்டைக் குழாயின் சுவருக்குக் கடத்துவது. இருமுனையிலும் உள்ள ஆடிகளுக்கிடையே ஒளி போய்ப்போய் வந்து பெருகி, ஒருமுனை ஆடியின் வழியே கற்றையாக வெளிவருகிறது. அதன் அலைநீளம் 10.6 மைக்ரான், கண்ணுக்குப் புலப்படாது. இதை ஒரு குவிவில்லையின் வழியே செலுத்தினால், 40 வாட் ஆற்றல் அனைத்தும் சுமார் 0.13 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள புள்ளியில் வந்து குவிகிறது. கணக்கிட்டுப் பார்த்தோம்: உச்சி வெயிலைக் காட்டிலும் ஏறத்தாழ 30 லட்சம் மடங்கு செறிவு! பலகை எரிவதற்கு முன்பே ஆவியாகிவிடுவதில் வியப்பில்லை.

இனி, அச்சத்துக்குரிய பகுதிக்கு வருவோம். ஒளியே பெரிய அபாயம் என்று நாம் எண்ணியிருந்தோம், நண்பர் மறுத்தார். கண்ணின் முன்படலத்தை அந்த ஒளி கணத்தில் சுட்டுவிடும் என்பது உண்மை. ஆயினும் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகடு சிதறிவரும் கதிரைத் தடுத்துவிடுகிறது. பெட்டிக்கு மூடியாக அதையே பொருத்தலாம். குழாயை ஏற்றும் மின்சாரமோ சுமார் 20,000 வோல்ட். யந்திரத்தை நிறுத்திய பின்னும் அது சற்று நேரம் உள்ளே பதுங்கியிருக்கும். தொட்டவர் பிழைப்பது அரிது.

ஆகவே முதல் வேலையாக மின்பணியாளர் ஒருவரை வரவழைத்தோம். அவர் ஒரு சோதனை விளக்கை எடுத்துச் சுவரிலுள்ள மூன்று துளைப் பிளக்கில் செருகிப் பார்த்தார். மின்சாரம் வரும் துளைக்கும் எர்த் துளைக்கும் இடையே விளக்கு எரியவில்லை. பலகையைக் கழற்றினால், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை! பல ஆண்டுகளாக அந்தத் துளை வெறும் அலங்காரமாக இருந்திருக்கிறது. அப்படியே யந்திரத்தைப் பூட்டியிருந்தால், கசியும் மின்சாரம் இரும்புப் பெட்டியிலேயே தங்கி, முதலில் தொடும் கைக்காகக் காத்திருந்திருக்கும். நண்பர் ஒரு மாதம் வேலையை நிறுத்திவைத்தார். வீட்டின் பின்புறம் குழி தோண்டி, சுமார் 3 மீட்டர் துத்தநாக முலாமிட்ட குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாறி மாறி இட்டு நீர் ஊற்றினார்கள். கம்பியை அங்கிருந்து கொணர்ந்து இணைத்த பிறகு சோதனை விளக்கு பிரகாசமாக எரிந்தது. இந்த ஒரு மாதத் தாமதத்தைக் குறித்து அப்போது நாம் பொறுமையிழந்து பேசியதை நினைக்க இப்போது வெட்கமாயிருக்கிறது.

மூடியில் ஒரு சுவிட்சும், தண்ணீர்க் குழாயில் ஒரு சுவிட்சும் வைத்தார்கள். மூடி திறந்தாலும் தண்ணீர் நின்றாலும் லேசர் அணைந்துவிடும். தண்ணீர் எதற்கு எனில், செலுத்தும் மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே ஒளியாகிறது, எஞ்சியது சூடு. வாலைவடி நீரை ஒரு வாளியிலிருந்து பம்பினால் சுழலவிட்டு, 25 டிகிரிக்கு மேல் போகாமல் காக்க வேண்டும். டில்லியின் மே மாதத்தில் இது எளிதன்று. குளிர்பெட்டியிலிருந்து பனிக்கட்டிப் பைகள் மணிக்கு ஒருமுறை கார் ஷெட்டுக்குப் பயணமாயின. மழைக்காலத்தில் இதுவே வேறு தொல்லை தரும். நீர் மிகக் குளிர்ந்தால் குழாயின்மேல் வியர்வை படிந்து, மின்சாரம் அவ்வழியே பொறி பறக்கப் பாய்ந்தோடும்.

புள்ளியை நகர்த்தும் ஏற்பாடு எளிது. ஒரு சுற்றுக்கு 200 அடியாக எண்ணிச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார்கள் இரண்டு. 20 பற்களுள்ள சக்கரம். 2 மில்லிமீட்டர் இடைவெளிப் பற்களுள்ள வார். ஒரு சுற்றுக்கு 40 மில்லிமீட்டர் நகர்வு. ஓர் அடிக்கு 0.2. அதையும் பதினாறாகப் பகுத்து ஓட்டலாம். இத்தாலியில் 2005-இல் உருவான ஆர்டுவினோ என்னும் சிறு பலகை இவற்றை ஆள்கிறது. அதற்குரிய நிரல் விலையின்றிக் கிடைக்கிறது.

ஆனால் மூன்று ஆடிகளை நேர்ப்படுத்தியதற்கு ஐந்து இரவுகள் ஆயின. முதல் ஆடி குழாயின் முனையில். இரண்டாவது முன்னும் பின்னும் ஓடும் குறுக்குச் சட்டத்தில். மூன்றாவது வில்லைக்கு மேலே. தலைப்பகுதி எந்த மூலையில் நின்றாலும் கற்றை வில்லையின் நடுவே விழ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒளியை நேர்ப்படுத்துவது எங்ஙனம்? ஆடியின்முன் காகித நாடாவை ஒட்டி, குறைந்த ஆற்றலில் ஒரு கணம் சுட்டால் பழுப்புத் தழும்பு விழும். சட்டத்தை அருகில் நிறுத்தி ஒன்று, தூரத்தில் நிறுத்தி ஒன்று. இரு தழும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை ஆடியின் திருகுகளை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். மூடியைத் திறந்துவைத்தே இதைச் செய்ய வேண்டியிருப்பதால், பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்ற நண்பர் எவரையும் அனுமதிக்கவில்லை. குவிதூரத்தைக் கண்ட விதம் நமக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு பலகையைச் சாய்வாக வைத்து நெடுக ஒரு கோடு கீறினார். கோடு எங்கே மிக மெல்லியதோ, அந்த உயரமே சரியான உயரம்.

முதல் வெட்டு நடந்த வாரத்தில் ஒரு விபத்தும் நேர்ந்தது. வெட்டும் இடத்தில் காற்றை ஊதும் குழாய் கழன்றுவிட்டதை எவரும் கவனிக்கவில்லை. நண்பர் தேநீர் எடுத்துவரச் சென்றார். நாம் மாத்திரம் அருகிருந்தோம். மூடிக்குள்ளே பலகையின்மீது ஒரு சுடர் எழுந்து நின்றது. சிவப்புப் பொத்தானை அழுத்தினோம். லேசர் அணைந்தது, சுடர் அணையவில்லை. சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பானே காப்பாற்றியது. கரியமிலவாயு மூட்டிய தீயைக் கரியமிலவாயுவே அவித்தது. ஓடும் யந்திரத்தைவிட்டு ஒரு நிமிஷமும் அகலலாகாது என்னும் விதியை அன்றே சுவரில் எழுதினார்கள்.

எதை வெட்டலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிளைவுட், அட்டை, வார்ப்பு அக்ரிலிக் ஆகியவை நன்கு அறுபடும். பி.வி.சி. பொருளைப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. அது எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சு வாயு எழும். மூச்சுக்கும் கேடு, யந்திரத்துக்கும் துரு. நல்ல புகையாயினும், விசிறி வைத்து வெளியே தள்ளியாக வேண்டும்.

தேசப்படம் மூன்றாம் முறையில் தேறியது. ஒளி செல்லும் வழியில் 0.2 மில்லிமீட்டர் மரம் மறைந்துபோவதால் துண்டுகள் முதலில் தளர்ந்து ஆடின. கோடுகளைப் பாதியளவு வெளியே தள்ளிய பின் கெட்டியாகப் பொருந்தின. கோவாவும் சிக்கிமும் விரலுக்கு அகப்படாத சிறுமையாயிருந்தமையால், அவற்றுக்கு மட்டும் சிறு குமிழ்களை ஒட்டினார் அம்மையார். வகுப்புக்குக் கொண்டுசென்ற முதல் நாளில் ஒரு சிறுமி மேற்குக் கரையைத் தடவிக்கொண்டே வந்து, கட்ச் வளைகுடாவில் விரலை நிறுத்தி, "இங்கே துண்டு உடைந்துவிட்டதா?" என்று கேட்டாளாம். கடல் உள்ளே புகுந்த இடம் என்று ஆசிரியை விளக்கியதும் மற்றவர்களும் அதைத் தொட வந்துவிட்டார்கள். மாலையில் எல்லோருடைய விரல் நுனியிலும் கரி. நண்பர் இப்போது உப்புத்தாளுடன் உட்கார்ந்து, ஒவ்வொரு மாநிலத்தின் எல்லையையும் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.