எஸ்.பி.எம்.: சொன்ன தேதிக்கு வந்த படங்கள்

1982 ஆகஸ்ட் 14 அன்று தமிழ்நாட்டில் இரண்டு படங்கள் வெளியாயின. ஒன்று ‘எங்கேயோ கேட்ட குரல்’. ஸ்டைலை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, மனைவி விட்டுப் போன ஒரு குடியானவனாக ரஜினிகாந்த் அதில் நடித்திருந்தார். மற்றொன்று ‘சகலகலா வல்லவன்’. பட்டிக்காட்டு இளைஞனாகவும், வெளிநாட்டிலிருந்து வந்த நாகரிகக்காரனாக வேஷம் போடுபவனாகவும் கமல்ஹாசன் ஆடிப் பாடிச் சண்டை போட்ட படம். இரண்டுக்கும் எழுத்து பஞ்சு அருணாசலம், இசை இளையராஜா, இரண்டிலும் நாயகி அம்பிகா. இரண்டையும் இயக்கியவரும் ஒருவரே: எஸ்.பி. முத்துராமன்.

முதல் படம் மாநில அரசின் விருதை வாங்கியது. இரண்டாவது வெள்ளிவிழா கொண்டாடியது. அதில் வரும் புத்தாண்டுப் பாட்டு இன்றும் டிசம்பர் 31 நள்ளிரவில் ஏதாவது ஒரு ஒலிபெருக்கியில் ஒலிக்காமல் இருப்பதில்லை. அடுத்த பத்தாண்டுகளில் முத்துராமனிடம் தயாரிப்பாளர்கள் எந்த மாதிரிப் படத்தைக் கேட்டு வந்தார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

காரைக்குடியில் 1935இல் பிறந்தவர். தந்தை இராம. சுப்பையா, திராவிட இயக்க மேடைகளில் அறியப்பட்ட பேச்சாளர். அந்த வீட்டிலிருந்து வந்தவர்தான் பின்னாளில் ரஜினியின் நூறாவது படமான ‘ஸ்ரீ ராகவேந்திர’ரை (1985) இயக்கினார் என்பது தமிழ் சினிமாவின் சுவையான முரண்களில் ஒன்று. பக்திப் படத்துக்கு இயக்குநரின் பக்தியைவிட அவருடைய ஒழுங்குதான் முக்கியம் என்று தயாரிப்பாளர் கே. பாலசந்தர் நினைத்திருக்க வேண்டும்.

ஏவி.எம். ஸ்டூடியோவில் முத்துராமன் முதலில் சேர்ந்தது படத்தொகுப்புப் பிரிவில். பிறகு உதவி இயக்குநர். ஏ. பீம்சிங் இயக்கிய ‘களத்தூர் கண்ணம்மா’வில் (1960) வேலை பார்த்தபோது, அங்கே அறிமுகமான சிறுவன் கமலைப் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பில் சேர்ந்தது. தனியே இயக்கிய முதல் படம் ‘கனிமுத்து பாப்பா’ 1972இல்தான் வந்தது. இந்த நீண்ட பயிற்சியில் படத்தொகுப்பு மேசை கற்றுக்கொடுத்த பாடமே மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது. அது ஃபிலிம் காலம். எடுத்து ஒதுக்கும் ஒவ்வொரு அடியும் பணம். எந்த ஷாட் கடைசியில் படத்தில் நிற்கும், எது கத்தரிக்கப்படும் என்று கேமராவை ஓடவிடும் முன்பே தெரிந்த இயக்குநர் கிடைத்தால் தயாரிப்பாளர் நிம்மதியாகத் தூங்கலாம்.

அந்த நிம்மதியைத்தான் முத்துராமன் விற்றார் என்று சொன்னால் தவறில்லை. ஒளிப்பதிவுக்கு பாபு, தொகுப்புக்கு ஆர். விட்டல் என்று படத்துக்குப் படம் அதே குழுவை வைத்துக்கொண்டார். நாளைக்கு என்ன காட்சி, யார் யார் வேண்டும், எத்தனை மணிக்கு என்பது முந்தைய நாளே முடிவாகிவிடும். ‘போக்கிரி ராஜா’, ‘புதுக்கவிதை’, மேலே சொன்ன இரண்டு என 1982இல் மட்டும் அவருடைய நான்கு படங்கள் திரைக்கு வந்தது அப்படித்தான். மொத்தக் கணக்கு எழுபதைத் தாண்டும். அதில் 25 படங்களில் ரஜினி. வேறெந்த இயக்குநரும் ரஜினியை வைத்து இத்தனை படம் எடுத்ததில்லை.

வேகம் மட்டும் இருந்தால் போதாது. நடிகரிடம் மற்றவர்கள் பார்க்காததைப் பார்க்கும் கண்ணும் அவருக்கு இருந்தது. ரஜினி பெரும்பாலும் எதிர்மறைப் பாத்திரங்களில் வந்துகொண்டிருந்த 1977இல், மகரிஷியின் நாவலை ‘புவனா ஒரு கேள்விக்குறி’யாக எடுத்தார். சாது முகத்துக்குப் பேர்போன சிவகுமார் அதில் பெண்ணை ஏமாற்றுகிறவர்; அவளுக்குத் துணையாக நிற்கிற நல்லவர் ரஜினி. நேர்மாறான அந்தப் பங்கீட்டை மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு வருடம் கழித்து ‘ஆறிலிருந்து அறுபது வரை’யில் தம்பி தங்கைகளுக்காகவே தேய்ந்து முதுமை அடையும் சந்தானமாக ரஜினியை ஆக்கினார். ரஜினிக்கு நடிக்க வராது என்பவர்களிடம் எடுத்துக் காட்ட இன்றும் முதலில் நினைவுக்கு வருவது இந்தப் படம்தான்.

பிறகு 1980இல் ‘முரட்டுக்காளை’. நிறுவனர் மெய்யப்பன் மறைந்தபின் சில காலம் படம் எடுக்காமலிருந்த ஏவி.எம்., அவருடைய மகன்கள் தலைமையில் இந்தப் படத்தோடு திரும்பி வந்தது. அதுவரை நாயகனாகவே நடித்துவந்த ஜெய்சங்கர் வில்லன். மலேசியா வாசுதேவன் குரலில் ரஜினிக்கு அறிமுகப் பாட்டு, ஜூடோ ரத்னம் அமைத்த ரயில் சண்டை, நான்கு தம்பிகள், கொஞ்சம் கண்ணீர். இன்று ஒரு பெரிய நட்சத்திரப் படத்தின் முதல் கால் மணி நேரத்தில் ரசிகர் எதிர்பார்ப்பதெல்லாம் ஏறக்குறைய இதில் வரிசையாக இருக்கிறது.

அவருடைய முத்திரை என்று ஒரு கேமராக் கோணத்தையோ ஒளியமைப்பையோ காட்ட முடியாது. அவர் கவனம் அளவில் இருந்தது. எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை சிரிப்பு, சண்டைக்குப் பின் எங்கே அம்மா அல்லது தங்கை, பாட்டுக்கு முன் எவ்வளவு கதை. கல்யாண விருந்தில் இலையைப் பார்த்தே அடுத்த பதார்த்தத்தை அனுப்புகிற பந்தி விசாரிப்பாளரின் கணக்கு அது. இந்தியிலிருந்து வந்த கதைகளையும் இதே அளவில்தான் வெட்டித் தைத்தார். அமிதாப் பச்சனின் ‘திரிசூல்’ இங்கே ‘மிஸ்டர் பாரத்’ ஆனது. ‘நமக் ஹலால்’ ‘வேலைக்காரன்’ ஆனது.

இந்தக் கணக்குக்கு ஒரு விலை இருந்தது. ‘சகலகலா வல்லவ’னில் தங்கையைக் கெடுத்தவனுக்கே அவளைக் கட்டிவைப்பதுதான் நாயகனின் வெற்றி, திமிர் பிடித்த பெண்ணை அடக்கிக் காட்டுவது அவன் வீரம். அந்த நாளில் கைதட்டல் வாங்கிய இக்காட்சிகளை இன்று பார்க்க நெளிய வேண்டியிருக்கிறது. ‘புவனா’வை எடுத்தவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது என்பதால் வருத்தம் கூடுகிறது.

புதுமையே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது. ‘பிரியா’வுக்காக (1978) சுஜாதாவின் கதையைத் தூக்கிக்கொண்டு சிங்கப்பூர் போனார். ‘ராஜா சின்ன ரோஜா’வில் (1989) ரஜினியும் குழந்தைகளும் கார்ட்டூன் விலங்குகளோடு ஒரு முழுப் பாட்டு ஆடினார்கள். கம்ப்யூட்டர் உதவி இல்லாத காலம். நடிகர்கள் வெறும் காற்றைப் பார்த்து நடிக்க, விலங்குகளைப் பிறகு ஒவ்வொரு ஃபிரேமாக வரைந்து சேர்த்தார்கள். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம்.

1987 தீபாவளிக்கு அவருடைய ‘மனித’னும் மணிரத்னத்தின் ‘நாயக’னும் ஒன்றாக வந்தன. இரண்டும் நன்றாக ஓடின. ஆனால் ஒளியும் நிழலும் பற்றிப் பேச ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது ‘நாயக’னிடமிருந்துதான். 1992 தீபாவளிக்கு ரஜினியின் ‘பாண்டிய’னை அவர் கொண்டுவந்தபோது எதிரே கமலின் ‘தேவர் மகன்’ நின்றது. இம்முறை பேச்சும் வசூலும் அந்தப் பக்கம் போயின. ‘பாண்டியன்’ எடுக்கப்பட்டதன் காரணம் வேறு. பல ஆண்டுகள் தன்னோடு உழைத்த தொழில்நுட்பக் குழுவினருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று முத்துராமன் விரும்பினார். அவர்கள் பயன்பெறவே ரஜினி தேதி கொடுத்தார். அதன்பின் ரஜினியை வைத்து முத்துராமன் படம் எடுக்கவில்லை. 1995இல் ‘தொட்டில் குழந்தை’யோடு திரைப்பட இயக்கத்தையே நிறுத்திக்கொண்டார். பல ஆண்டுகளுக்குப் பின் ‘சினிமா எடுத்துப் பார்’ என்ற தலைப்பில் தன் அனுபவங்களை எழுதினார்.