புதுசா வந்த ஆளைத்தான் வெயில் முதல்ல சாய்க்கும்

(ஒலி அத்தியாயத்தின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னிக்கு வெயில்ல வேலை பார்க்கிறவங்களைப் பத்திப் பேசப்போறோம். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்லிடறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கட்டட வேலையில் சூப்பர்வைசரா இருந்தேன். சென்ட்ரிங் வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர், சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழிச்சுத் திரும்பி வந்தார். வந்த ரெண்டாம் நாள் மத்தியானம் ரெண்டு மணிக்கு உளற ஆரம்பிச்சார். கால் தள்ளாடுது. மேஸ்திரி, “சார், திருவிழா போதை இன்னும் தெளியல”ன்னார். நானும் நம்பி, தகரக் கொட்டகையில் படுக்க வைக்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா உடம்பு அனலாக் கொதிக்குது, நினைவு இல்லை. பிழைச்சுட்டார். ஆனா சிறுநீரகம் பாதிக்கப்பட்டு மூணு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் ஒரு சொட்டுக்கூடக் குடிச்சிருக்கலைன்னு அப்புறம்தான் தெரிஞ்சது.

அங்கே என்ன நடந்தது? நம்ம உடம்பு வேலை செய்யும்போது தசைகளே சூட்டை உண்டாக்கும். அந்தச் சூட்டை வெளியேற்ற உடம்புக்குள்ள முக்கியமான வழி வியர்வை. வியர்வை வழிஞ்சா மட்டும் போதாது, அது ஆவியாகணும். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம். அதனால் சட்டை நனையுமே தவிர, சூடு இறங்காது. செய்தியில் சொல்ற 38 டிகிரியை மட்டும் வச்சு ஆபத்தை அளக்க முடியாது என்பதற்கு இதுதான் காரணம்.

அடுத்து, வெயில் பழக்கம். தினமும் வெயிலில் வேலை செய்தால் ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு தன்னை மாற்றிக்கொள்ளும். வியர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் உப்பு குறைவாக வெளியேறும், ரத்தத்தில் நீர் கூடும், இதயத்துக்குச் சுமை குறையும். ஆனா ஒரு வாரம், பத்து நாள் விட்டுட்டா இந்தப் பழக்கம் குறைய ஆரம்பிச்சிடும். அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா சொல்வதைப் பாருங்க: வெளிவேலையில் வெப்பத்தால் நிகழும் மரணங்களில் பெரும்பாலானவை வேலையின் முதல் சில நாட்களிலேயே நடக்கின்றன. நம்ம தம்பி பழைய ஆள்தான். ஆனா அவர் உடம்பு அன்னிக்குப் புது ஆள்.

இதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கு. புது ஆளுக்கு முதல் நாள் 20 சதவீத நேரம்தான் வெயில் வேலை. எட்டு மணி நேரத்தில் சுமார் ஒன்றரை மணி நேரம். பிறகு தினமும் 20 சதவீதம் கூட்டணும். லீவு முடிஞ்சு வர்ற அனுபவசாலிக்கு முதல் நாள் 50, அப்புறம் 60, 80, நாலாவது நாள் 100. மீதி நேரத்துக்கு நிழலில் கம்பி வளைக்கிற மாதிரி வேலை கொடுக்கலாம். கூலியைக் குறைக்கக் கூடாது. குறைச்சா யாரும் நிழலுக்கு வரமாட்டாங்க.

தண்ணீர்? தாகம் எடுக்கும்வரை காத்திருக்காம, 15 அல்லது 20 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர். மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம்; வெறும் தண்ணியை அளவுக்கு மீறிக் குடிச்சா ரத்தத்தில் உப்பு குறைஞ்சிடும். உப்புப் போட்ட மோர், நீராகாரம், கூழ் எல்லாமே நல்லது. ஓ.ஆர்.எஸ். என்றால் பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்கணும். இன்னொரு விஷயம்: கழிப்பறை இல்லாத இடங்களில், குறிப்பா உப்பளங்களில், பெண்கள் தண்ணி குடிக்கிறதையே குறைச்சுக்கிறாங்க. அங்கே தண்ணீர்க் கேன் வச்சா மட்டும் போதாது, கழிப்பறையும் வேணும்.

இப்போ கடைசியா, மறக்கக் கூடாதது. வெயிலில் வேலை செய்யும் ஒருத்தர் உளறினாலோ, தள்ளாடினாலோ, காரணமில்லாமக் கோபப்பட்டாலோ, அதை வெப்பவாதம் என்றே எடுத்துக்கோங்க. “வியர்க்குதே, அப்போ ஒண்ணுமில்லை”ன்னு நினைக்காதீங்க. உழைக்கும்போது வர்ற வெப்பவாதத்தில் வியர்வை இருக்கலாம். 108-க்கு ஒருத்தர் போன் பண்ணட்டும். மத்தவங்க அவரை நிழலுக்குத் தூக்கிட்டுப் போய், கனமான துணியைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறணும். ஐஸ் இருந்தா கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வைங்க. நினைவு தெளிவா இல்லாதவர் வாயில் எதையும் ஊத்தாதீங்க. காய்ச்சல் மாத்திரை இதுக்கு உதவாது. வண்டி வர்ற வரைக்கும் குளிர்விக்கிறதை நிறுத்தாதீங்க.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனா அது உயிர் போன பிறகு வர்ற பணம். அந்த உயிரைக் காப்பாத்தத் தேவைப்படறது ஒரு தார்ப்பாய் நிழல், ரெண்டு வாளித் தண்ணி, “நீ எப்பப்பா ஊர்ல இருந்து வந்தே?”ன்னு ஒரு கேள்வி. அந்தக் கேள்வியை நான் அன்னிக்குக் கேட்கலை. நீங்க கேளுங்க.

அடுத்த அத்தியாயத்தில் சந்திப்போம்.