மூணு நூலும் பத்து மில்லியும்

சிங்காரப்பேட்டையில் வீடு கட்டுகிறவர் கம்பிக் கடைக்குப் போனால் இரண்டு விதக் கணக்கு காதில் விழும். பொறியாளர் எழுதித் தந்த சீட்டில் 10 மிமீ, 12 மிமீ என்றிருக்கும். மேஸ்திரியோ ‘மூணு நூல்’, ‘நாலு நூல்’ என்பார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். ஓர் அங்குலம் சரியாக 25.4 மிமீ என்று 1959இல் ஆறு நாடுகள் உடன்பட்டன. அந்தக் கணக்கில் மூணு நூல் 3/8, அதாவது 0.375 அங்குலம், 9.525 மிமீ. நாலு நூல் 12.7 மிமீ.

அந்தத் தடிமனில் கடையில் கம்பி இருக்காது. மூணு நூலுக்கு 10 மிமீ தருவார்கள், நாலு நூலுக்கு 12. ஒன்றில் கொஞ்சம் கூடுகிறது, மற்றதில் கொஞ்சம் குறைகிறது. 0.7 மிமீதானே என்று விட்டுவிட முடியாது. கம்பியின் எடை விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும். 12 மீட்டர் நீளத்துக்கு 12.7 மிமீ கம்பி ஏறக்குறைய 11.95 கிலோ வரும். 12 மிமீ கம்பி 10.67 கிலோதான். தூணுக்குள் போகும் இரும்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. நூல் கணக்கில் போட்ட பழைய அளவை மில்லிமீட்டருக்கு மாற்றுகிறவர், எத்தனை கம்பி என்பதையும் மறுபடி கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

மூணு நூலின் 3/8, தசமத்தில் 0.375 என்று எப்படி மூன்றே இலக்கத்தில் முடிந்தது? 10 என்பது 2×5. பகுதியில் 2, 5 தவிர வேறு பகா எண் இல்லாவிட்டால் பின்னம் தசமத்தில் எங்காவது முடிந்தே தீரும். எட்டு வெறும் இரண்டுகளின் பெருக்கல்.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு நம் பழைய பின்னங்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. கால், அரைக்கால், மாகாணி (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320). திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் மனப்பாடம் செய்த இவற்றில் ஒன்றுகூட முடிவிலாமல் ஓடாது. மா 0.05, காணி 0.0125, முந்திரி 0.003125. தசமப் புள்ளியையே காணாத பிள்ளைகள் தசமத்துக்குள் கச்சிதமாக அடங்கும் பின்னங்களில் புழங்கியிருக்கிறார்கள்! ஒப்பிடுவதும் அவர்களுக்கு எளிது. மாகாணி பெரிதா, மா பெரிதா? முந்திரியாக்கினால் போதும்: மாகாணி 20 முந்திரி, மா 16. மூன்று மாகாணிக்கு 60, மூன்று மாவுக்கு 48. பொதுப் பகுதி காணுதல் என்று இன்று ஆறாம் வகுப்பில் படிப்பது இதுதான்.

மூன்றில் ஒன்றுக்கு அந்த வரிசையில் இடமில்லை. தசமத்திலும் அது 0.333… என்று நீண்டுகொண்டே போகும். ஏழில் ஒன்று 0.142857 என்ற ஆறு இலக்கங்களையே சுற்றிச் சுற்றி வரும். அந்த இடத்தில் பின்னம்தான் கை கொடுக்கும். ஐ.டி.ஐ. முடித்து ஓசூர்ப் பட்டறைகளுக்கு வரும் பிள்ளைகள் மில்லிங் மெஷினில் இதைக் கையாலேயே செய்து பார்த்தவர்கள். ஒரு வட்டத் தகட்டில் சம தூரத்தில் ஏழு வெட்டு போட வேண்டும். பாகையில் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் 51.428571… எங்காவது வெட்டி நிறுத்தினால் பிழை ஒட்டிக்கொள்ளும். டிவைடிங் ஹெட்டில் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் தகடு ஒரு சுற்று வரும். 40ஐ ஏழால் வகுத்தால் ஐந்தும் ஏழில் ஐந்தும். 5/7 என்பது 15/21. இண்டெக்ஸ் பிளேட்டில் 21 துளை உள்ள வட்டத்தைப் பிடித்து, ஐந்து முழுச் சுற்றும் பதினைந்து துளையும் நகர்த்தி, கைப்பிடியின் பின்னைத் துளைக்குள் இறக்க வேண்டும். பின் ஏற்கெனவே நிற்கும் துளையை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. ஒரு நகர்வுக்கு 120 துளை. ஏழு நகர்வுக்கு 840. நாற்பது சுற்றுக்கும் அதே 840. ஏழாவது நகர்வில் தகடு புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்கிறது, மயிரிழை மீதியில்லாமல்.