மதிப்பெண்ணின் கதை – 9: சந்தேகப்படாத கட்டுரைகள்

1912இல் ஸ்டார்ச், எலியட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே ஆங்கில விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். மதிப்பெண் 50இலிருந்து 90ஐத் தாண்டிச் சிதறியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அது மாணவர் வீட்டிலும் தெருவிலும் பேசுகிற மொழியில் எழுதிய தாள். எழுதும் மொழியே கடன் வாங்கியது என்றால் திருத்துகிறவர் பாடு இன்னும் சிக்கல். அதனால் இந்த வாரம் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஸ்பானியக் கட்டுரை வகுப்புக்குள் நுழைவோம். அங்கே பல கல்லூரிகளில் இப்படி ஒரு வகுப்பு இருக்கும்.

ஸ்பானிய மொழியில் வினைச்சொல்லுக்கு இரண்டு முகம். உள்ளதை உள்ளபடி சொல்ல ஒன்று. ஐயம், ஆசை, அச்சம், மறுப்பு இவற்றின் சாயல் விழுந்துவிட்டால் இன்னொன்று. அதற்கு சப்ஜங்க்டிவ் என்று பெயர். 'க்ரேயோ கே' (நினைக்கிறேன்) என்று தொடங்கினால் முதல் முகமே போதும். 'நோ க்ரேயோ கே' (அப்படி நினைக்கவில்லை) என்றோ 'தூதோ கே' (சந்தேகமாக இருக்கிறது) என்றோ வாய் திறந்தால் பின்னால் வரும் வினையின் ஈறு மாறியாக வேண்டும். பல வினைகளில் அடிச்சொல்லே உருமாறிவிடும்.

பிழைக்கு இவ்வளவு என்று மதிப்பெண் கழியும் வகுப்பில் கெட்டிக்கார மாணவர் என்ன செய்வார்? எதையும் சந்தேகப்படமாட்டார். கட்டுரை முழுக்க நினைக்கிறேன், நினைக்கிறேன், நினைக்கிறேன். எதிர்த்தரப்பை மறுக்கவும் மாட்டார்; மறுத்தால் சப்ஜங்க்டிவ் வந்து நிற்கும். வாதம் செய்யக் கற்றுத்தர வேண்டிய வகுப்பு, வாதத்தின் உயிரான ஐயத்தையே ஒதுக்கிவிடப் பழக்குகிறது. குட்டை வாக்கியங்கள், தெரிந்த சொற்கள், 92 மதிப்பெண். பக்கத்து இருக்கையில் துணிந்து சந்தேகப்பட்டவருக்கு 74.

அதே வகுப்பில் வேறொரு கூட்டமும் உண்டு. வீட்டில் ஸ்பானியம் பேசி, பள்ளியில் ஆங்கிலம் மட்டுமே எழுதி வளர்ந்தவர்கள். சப்ஜங்க்டிவ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். ஆனால் பாட்டியோடு பேசும்போது அது தானாக வந்து விழும். இவர்கள் இடறுவது எழுத்தில். ஸ்பானியத்தில் 'ஹெச்' எழுத்துக்கு ஒலி கிடையாது, 'பி'யும் 'வி'யும் காதுக்கு ஒன்றுதான். 'ஆப்லோ' என்பதை முதல் அசையில் அழுத்தினால் 'பேசுகிறேன்', கடைசி அசையில் அழுத்தினால் 'பேசினார்'. எழுத்தில் இரண்டையும் பிரிப்பது தலைக்கு மேல் போடும் ஒரு சாய்கோடு. அந்தக் கோடுகளை விட்டதற்காகவே தாள் முழுக்கச் சிவப்பாகிவிடும்.

நியூ மெக்சிகோ மாநிலத்துக் கதை இன்னும் விசித்திரம். 1598 முதல் ஸ்பானியம் குடியேறிய மண் அது. 'அசினா' (இப்படி), 'த்ரூஹே' (கொண்டுவந்தேன்) என்று அங்கே முதியவர்கள் பேசுவார்கள். செர்வான்டிஸ் காலத்து ஸ்பெயினில் தாராளமாகப் புழங்கிய சொற்கள் இவை. பாடநூலைப் பொறுத்தவரை இன்று பிழை. பேரனின் கட்டுரையில் வந்தால் மதிப்பெண் போகும்.

சரி, இந்தச் சிவப்பு மையால் பயனாவது உண்டா? இரண்டாம் மொழி எழுதும் வகுப்பில் இலக்கணத் திருத்தத்தால் பலன் இல்லை, தீங்குகூட உண்டு, அதைக் கைவிடுங்கள் என்று 1996இல் ஜான் ட்ரஸ்காட் ஒரு கட்டுரை எழுதினார். டேனா ஃபெர்ரிஸ் 1999இல் மறுத்தார்: அளவாக, தெளிவாகத் திருத்தினால் உதவும் என்றார். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. அதற்கு முன்பே, 1988இல், இஸ்ரேலியப் பள்ளிப் பிள்ளைகளிடம் ரூத் பட்லர் செய்த ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டியது. கருத்துரை மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். கருத்துரையோடு மதிப்பெண்ணும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டுமே பெற்றவர்களைப் போலத்தான் இருந்தார்கள். எண்ணைப் பார்த்த கண் எழுத்தைப் படிப்பதில்லை போலும்.

மாற்றுவழிகள் இங்கிருந்து கிளைக்கின்றன. ஜேன் டேனியலெவிச்சும் பீட்டர் எல்போவும் 2009இல் முன்வைத்தது ஒப்பந்த முறை. வகுப்புக்கு வா, வரைவுகளை நேரத்துக்குக் கொடு, சக மாணவர் எழுத்தைப் படித்துக் கருத்துச் சொல், உன் எழுத்தை உண்மையாகவே திருத்தி எழுது; 'பி' கிரேடு உறுதி. அதற்கு மேல் வேண்டுமானால்தான் தரம் பார்க்கப்படும். அசாவ் இனோவே 2019இல் வந்த தம் நூலில் இதற்கும் ஒரு படி மேலே போனார்: உழைப்பு மட்டுமே கணக்கு, தரம் கணக்கிலேயே இல்லை.

லிண்டா நில்சனின் 2015ஆம் ஆண்டு நூல் சொல்வது வேறு வழி. ஒவ்வொரு பணிக்கும் நிபந்தனைப் பட்டியல். நிறைவேறியதா இல்லையா, அவ்வளவுதான். தவறினால், பருவத் தொடக்கத்தில் தரப்பட்ட டோக்கன்களில் ஒன்றைக் கொடுத்துத் திருப்பி எழுதலாம். 'மூன்று இடத்திலாவது மறுப்போ ஐயமோ வேண்டும்' என்றுகூட நிபந்தனை போடலாம். போட்டால் மாணவர் சரியாக மூன்றே முறை சந்தேகப்படுவார், நான்காவது வராது.

எனக்கு ஒப்பந்த முறைதான் இந்த வகுப்புக்குப் பொருந்தும் என்று படுகிறது. வீட்டில் மொழி கற்றவர் சாய்கோடுகளோடு மல்லுக்கட்டலாம், பாடநூலில் கற்றவர் சப்ஜங்க்டிவோடு. இருவரும் செய்வது திருத்தி எழுதும் வேலை. ஒருவரை வைத்து மற்றவரை அளக்கத் தேவையில்லை.

ஆனால் 2021இல் எலன் கரில்லோ எழுப்பிய ஆட்சேபம் லேசானதல்ல. உழைப்பை நேரத்தால் அளந்தால், இரவு வேலைக்குப் போகிற மாணவருக்கு நேரம் ஏது? உடற்குறையோ மனச்சோர்வோ உள்ளவர் ஒரே பக்கத்துக்கு இருமடங்கு நேரம் எடுத்தால் அந்தக் கணக்கை யார் வைப்பது? ஆசிரியர் பக்கமும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மொழி வகுப்புகளில் கணிசமானவற்றை நடத்துவது நிரந்தர வேலையில்லாத விரிவுரையாளர்களும் ஆராய்ச்சி மாணவர்களும்தான். ஒவ்வொரு மாணவரின் வரைவுகளையும் படிக்க அவர்களுக்குத் தனிச் சம்பளம் கிடையாது. இவ்வளவுக்கும் பிறகு, பருவ முடிவில் பதிவாளர் அலுவலகம் கேட்பது ஒரே ஓர் எழுத்து: ஏயா, பியா, சியா?

அந்த எழுத்தையே கொடுக்க மறுத்து, பத்தி பத்தியாக எழுதித்தரும் கல்லூரி ஒன்று வாஷிங்டன் மாநிலத்தில் 1971இல் திறக்கப்பட்டது. எவர்கிரீன் ஸ்டேட் கல்லூரி. அடுத்த வாரம் அங்கே.

(தொடரும்)